மன்னவனூர்க் களிமண்ணில் விசிறிப்பனை

2023 ஜனவரி, பொங்கல் கழிந்த மறுநாள். மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. மேல்மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஏழு மாதத்துக்கு முன் நான் நட்ட விசிறிப்பனையின் குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பேறிக் கூழாகியிருந்தது. அழுகிய முட்டைக்கோஸின் நாற்றம் அடித்தது. கடப்பாரையைப் போட்டுக் குழியைத் திறந்தேன். இரண்டடி ஆழத்தில் தண்ணீர் நின்றது.

ஊரில் எல்லோரும் உறைபனி கருக்கிவிட்டது என்றார்கள். இலைகள் காய்ந்தது பனி விழுந்த வாரத்தில்தான் என்பதால் எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் குழியில் நின்ற அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு பனியைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

விசிறிப்பனை குளிருக்குப் பிறந்த மரம். நம் ஊர்ப் பனைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். சொந்த ஊர் சீனத்து மலைகள். தாவரவியல் பெயர் டிராக்கிகார்ப்பஸ் பார்ச்சூனி. ராபர்ட் பார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1849ல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கன்றுகள் அனுப்பியதால் இந்தப் பெயர். தண்டைச் சுற்றி அடர்ந்திருக்கும் பழுப்பு நாரில் சீன உழவர்கள் மழைக்குப் போர்த்தும் அங்கி பின்னியிருக்கிறார்கள். நம் பக்கத்துச் சாக்குக் கொங்காணி போல. வேர் பிடித்த மரம் பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரிக் குளிரையும் தாங்கி நிற்கும். எங்கள் தோட்டத்தில் நான் கட்டித் தொங்கவிட்ட வெப்பமானி அந்தக் குளிர்காலத்தில் காட்டிய மிகக் குறைந்த அளவு, பூச்சியத்துக்குக் கீழே ஒன்றரை. அந்தக் குளிருக்கு இந்த மரம் சாகாது.

நான் உடன்குடிக்காரன். பனையோலை உரசும் சத்தத்தில் வளர்ந்தவன். மனைவியின் ஊர் மன்னவனூர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே வரவேண்டும். திருமணத்துக்குப் பின் இங்கேயே தங்கிவிட்டேன். பனை இந்தக் குளிரில் வளராது. வீட்டு முகப்பில் பனைச் சாதியில் ஏதாவது ஒரு மரம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் மூன்று விசிறிப்பனைக் கன்றுகளைத் தேடி வாங்கினேன். முழங்காலளவு உயரம், ஆளுக்கு ஆறேழு இலை.

மாமாவின் நிலம் மூன்று மட்டமாக இறங்குகிறது. மேல்மட்டம் இரண்டும் பூண்டுக்கும் உருளைக்கும். கடைசி மட்டம், வீட்டை ஒட்டியது, சும்மா கிடந்தது. அது ஏன் சும்மா கிடக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். மேலே ஒரு சாண் கறுப்பு மண், அதற்குக் கீழே மஞ்சள் களி. ஈரமாக இருக்கும்போது அந்தக் களியை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கித் தள்ளினால் நாடா போல நீண்டுகொண்டே வரும். இரண்டு அங்குலத்துக்கு மேல் அறுந்து விழாமல் வந்தால் அது கெட்டிக் களி. எங்களுடையது மூன்று அங்குலம் வந்தது.

2022 ஜூனில் மூன்று குழி எடுத்தேன். தென்னைக்கு எடுப்பது போல மூன்றடிக்கு மூன்றடி. அடியில் அரையடிக்கு முக்கால் ஜல்லி, மேலே ஆற்றுமணலும் ஆட்டு எருவும் கலந்த மண். எங்கள் ஊர்ச் செம்மணல் மேடுகளான தேரியில் தென்னையும் பனையும் பார்த்த கைக்கு அது சரியான முறையாகவே பட்டது. இங்கே ஒவ்வொன்றும் தவறு.

ஜனவரியில் செத்த கன்றைப் பெயர்த்து எடுத்தபின் குழியின் சுவரைத் தடவிப் பார்த்தேன். பானையின் உட்புறம் போல வழவழவென்று மின்னியது. ஈரக் களியில் மண்வெட்டி சறுக்கிய ஒவ்வொரு வெட்டும் சுவரைத் தேய்த்து மெருகேற்றியிருந்தது. மண்வெட்டி இலையின் தடம்கூட ஏழு மாதமாகியும் அப்படியே இருந்தது. வேர்கள் அதில் முட்டி, உள்ளே புக வழியில்லாமல் சுவரோரமாகத் திரும்பியிருந்தன. சுற்றிலும் தண்ணீர் இறங்காத களி. நடுவே மணலும் எருவும் நிரப்பிய பொலபொலப்பான குழி. ஐப்பசி கார்த்திகை மழை முழுவதும் அந்தக் குழிக்குள் இறங்கித் தங்கிவிட்டது. கன்று நட்ட இடம் ஒரு தொட்டி.

மாமா வந்து அழுகிய வேர் ஒன்றைக் கையில் வாங்கினார். மேல்தோலை நகத்தால் பற்றி இழுத்தார். உறை போலக் கழன்று வந்தது. உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. காற்றில்லாமல் செத்த வேர், அதன்பின் நீர்ப்பூஞ்சை ஏறிய வேர், இப்படித்தான் உரியும்.

“பூண்டை எப்படி நடுகிறோம், மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

“பாத்தியை உயர்த்தி, மாமா.”

“குழி எடுத்தா நடுகிறோம்?”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை மேல்மட்டத்துப் பூண்டுப் பாத்திகளை, ஏழு வருடமாகப் பார்த்துவரும் அதே பாத்திகளை, குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாத்திக்கு நடுவே ஒரு சாண் ஆழ வாய்க்கால். எல்லா வாய்க்காலும் ஒரே பக்கம் சாய்ந்து ஓடையில் போய் விழுகின்றன. மண் அதே மண்தான். உயரம்தான் வேறு.

உயரம் ஏன் வேலை செய்கிறது என்பதைப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வைத்துப் பார்த்துக்கொண்டேன். செவ்வகப் பஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுத்து, படுக்கை வாக்கில் உள்ளங்கையில் வைத்தால் கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். சொட்டு நின்ற பிறகு அதையே செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் மறுபடி சொட்டத் தொடங்கும். பஞ்சு மாறவில்லை, அதன் உயரம் மாறிவிட்டது. எந்த மண்ணுக்கும் அடியில் தண்ணீர் வடியாமல் பிடித்து நிற்கும் ஒரு பட்டை உண்டு. மண்ணின் உயரம் கூடினால் வேருக்கும் அந்தப் பட்டைக்கும் நடுவே காற்றுக்கு இடம் கிடைக்கும். குழியின் அடியில் ஜல்லி போடுவது இதற்கு நேர் எதிர் வேலை செய்கிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் இறங்கும். ஆக, அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே, வேர் இருக்கும் இடத்துக்கே ஏறிவிடுகிறது.

அடுத்த வேலை, நிலத்தை அளப்பது. ஓரடி ஆழத்தில் ஒரு சிறு பள்ளம் தோண்டி, தண்ணீர் நிரப்பி, அது வடிந்தபின் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அங்குலம் குறித்து நட்டு வைத்தேன். முதல் நிரப்பைக் கணக்கில் எடுக்கக்கூடாது. காய்ந்த மண் குடிக்கும் தண்ணீர் அது. மேல்மட்டத்தில் மணிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கியது. கீழ்மட்டத்தில் ஒரு மணி நேரத்தில் குச்சியின் கோடு அசையவே இல்லை. மாலை ஆறுக்கு நிரப்பியது காலை ஆறுக்கு இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. மணிக்கு ஓர் அங்குலத்துக்குக் கீழே இறங்கினாலே வடிகால் மோசம் என்று கணக்கு. இது அதற்கு எட்டாத இடம்.

மேல்மட்டத்தில் நட்டுவிடலாமே என்று மனைவி கேட்டாள். அது சோறு போடும் மண். அழகுக்கு ஒரு மரம் வைக்கப் பூண்டு விளையும் இடத்தை எடுக்க எனக்கு மனமில்லை.

ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். ஜிப்சம் போடச் சொன்னார் உரக்கடைக்காரர். ஜிப்சம், சோடியம் ஏறிய களர் நிலத்துக்கு மருந்து. மழையில் கழுவப்பட்டுப் புளித்த மலைமண்ணுக்கு அதனால் வடிகால் வராது. லாரி மணல் இறக்கிக் கலந்துவிடு என்றார் இன்னொருவர். மணலின் பங்கு பாதிக்கு மேல் போகாதவரை களி மணலைச் சுற்றிப் பிடித்துச் செங்கல் போல இறுகிவிடும். மண்ணை மாற்ற முயல்வது வீண் செலவு. மரத்தை மேலே தூக்க வேண்டும், தண்ணீரை வேறு பக்கம் திருப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்று மட்டும் செய்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

பிப்ரவரி கடைசியில் வாய்க்காலைத் தொடங்கினேன். கீழ்மட்டத்துக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு வானத்திலிருந்து நேரே விழுவதல்ல. மேல்மட்டங்களிலிருந்து களியின் மேல் வழுக்கி, மண்ணுக்குள்ளேயே கசிந்து வருவது. அதை வழியிலேயே மறிக்க, மட்டத்தின் மேல்விளிம்பை ஒட்டி இருபத்தைந்தடி நீளத்துக்கு, ஒன்றரையடி ஆழத்தில், கறுப்பு மண்ணைத் தாண்டிக் களியைத் தொடும்வரை வெட்டினோம். மேஸ்திரி தண்ணீர் நிரப்பிய ட்யூபை வைத்து மட்டம் பிடித்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று அங்குலச் சாய்வு. நூறுக்கு ஒன்று. அதற்குக் குறைந்தால் வண்டல் தங்கும். ரொம்பக் கூடினால் கரை அரிக்கும். தண்ணீர் போய்ச் சேரும் இடம் பழைய ஓடைதான், பக்கத்துக்காரர் பயிர் அல்ல என்பதை முதலிலேயே உறுதி செய்துகொண்டோம்.

ஜல்லி நிரப்பிக் குழாய் பதித்து மூடிவிடலாம் என்றார் மேஸ்திரி. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் களி கரைந்து இரண்டு மழைக்காலத்தில் ஜல்லியை அடைத்துவிடும். அடைத்தது வெளியே தெரியாது. திறந்த வாய்க்கால் என்றால் கண்ணில் படும், மண்வெட்டியால் ஒரு மணி நேரத்தில் வாரிவிடலாம். திறந்தே விட்டேன்.

பிறகு திட்டு, கன்றுகளை உயர்த்தி நட ஒரு மண்மேடு. மண் ஈரமாக இருக்கும்போது களியில் கை வைக்கக்கூடாது என்பதை அதற்குள் கற்றிருந்தேன். மார்ச் நடுவில், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், தட்டினால் உதிரும் என்ற பதத்தில் தொடங்கினோம். திட்டு வரும் இடத்தில் புல்லைச் செதுக்கிவிட்டு, கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி நெம்பினோம். புரட்டவில்லை. இப்படி நெம்பியது, பழைய மண்ணுக்கும் புதிய மண்ணுக்கும் நடுவே வழவழப்பான ஒரு தளம் இல்லாமல் இரண்டும் பல்லும் பல்லும் போலக் கோத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். அதன்மேல் வாய்க்காலில் எடுத்த கறுப்பு மண்ணையும், வீட்டுக்குப் பாதை போட வெட்டிய மேல்மண்ணையும் கொட்டினோம். மஞ்சள் களியைத் தனியே ஒதுக்கிவிட்டோம். அடியில் ஏழடி அகலம், உச்சியில் நான்கடி, உயரம் ஒன்றரையடி, நீளம் பதினைந்தடிக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றேகால் யூனிட், அதாவது நூற்றிருபத்தைந்து கன அடி மண் பிடித்தது. இரண்டு ஆள், இரண்டு நாள். மிதித்து இறுக்கவில்லை. உச்சியைத் தட்டையாக விடாமல் மீன்முதுகு போல நடுவில் உயர்த்திவிட்டோம்.

எருவை மண்ணுக்குள் புதைக்கவில்லை. ஆழத்தில் புதைத்த எரு காற்றில்லாமல் புளிக்கும். மக்கிய பிறகு மண் இறங்கி மரமும் சேர்ந்து இறங்கிவிடும். ஆட்டு எருவை மேலே ஒரு விரல்கடை பரப்பியதோடு சரி.

நடவு ஏப்ரலில், சித்திரை பிறந்த வாரம். முதல்முறை ஜூனில் நட்டதும் ஒரு பிழை. பனைச் சாதியின் வேர் மண் வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் ஓடும். இந்த மலையில் அந்த வெதுவெதுப்பு சித்திரை வைகாசியில்தான். அப்போது நட்டால் வடகிழக்கு மழை இறங்குவதற்குள் ஆறு மாதம் கிடைக்கிறது. புதிதாக இரண்டு கன்று வாங்கியிருந்தேன். மூன்றாவது, பழைய மூன்றில் தப்பியது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு செத்தபோது மூன்றாவதின் குருத்தும் கையோடு வந்துவிட்டது. ஆனால் அடித்தண்டு கெட்டியாக இருந்தது, வேரில் பாதி வெள்ளையாக இருந்தது. பனைச் சாதிக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அது அழுகினால் மரம் இல்லை. முனை தப்பியிருந்தால் மீண்டும் குருத்து விடும். ஊரில் தென்னைக்குக் குருத்தழுகல் வந்தால் செய்வதையே செய்தேன். அழுகிய திசுவைக் கூர்க்கத்தியால் நல்ல வெள்ளைச் சதை தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு, பூஞ்சையைக் கொல்லும் போர்டோ பசை தடவினேன். நூறு கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னோர் அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, பிறகு ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்தபின் பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பார்த்தேன். அலகில் செம்புநிறம் படிந்தது. துத்தம் மிஞ்சியிருக்கிறது, செடியைச் சுட்டுவிடும் என்று அதற்கு அர்த்தம். சுண்ணாம்புக் கரைசல் இன்னும் கொஞ்சம் ஊற்றி மறுபடி முக்கினேன். அலகு வெள்ளையாக வந்தது. உருளைக்கு மருந்தடிக்கும் மாமாவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அவர்தான் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னார்.

கன்றைத் தொட்டிக்கு மாற்றி, தாழ்வாரத்தில் வைத்து, உச்சியில் பனியும் தண்ணீரும் படாமல் காத்தேன். பத்து வாரம் ஒன்றுமில்லை. மார்ச் கடைசியில் சுரண்டிய குழியின் நடுவே பென்சில் முனை அளவுக்குப் பச்சை தெரிந்தது. முதல் இலை நுனிகள் அறுந்து, கத்தரித்தது போல விரிந்தது. இரண்டாவது பாதி சரியானது. மூன்றாவது முழு விசிறி.

நடும்போது ஆழத்தில் கவனமாக இருந்தேன். வேர் கிளம்பும் அடிப்பருமன் மண்மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி வைத்தேன். திட்டு மழையில் இறங்கும் என்பதால். பனை வேர் மற்ற மர வேர் போல வருடாவருடம் பருக்காது, அடியிலிருந்து புதிது புதிதாகக் கிளம்பும். அந்த இடத்தைப் புதைத்தால் மூச்சு முட்டும். வேரைச் சுற்றிய மண்ணை உடைக்காமல் அப்படியே இறக்கினேன். தண்டை ஒட்டி ஒரு சாண் இடம்விட்டு, காய்ந்த பைன் ஊசிகளை மூடாக்காகப் போட்டேன்.

குருத்தில் பேனாவால் கோடு போடும் பழக்கம் மிகவும் உதவியது. குருத்தையும் அதை ஒட்டிய இலைக்காம்பையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு. வாரம் கழித்துப் பார்த்தால் குருத்திலுள்ள கோடு மேலே ஏறியிருக்கும். மே மாதத்தில் வாரத்துக்கு ஒரு விரல்கடை. மழையும் வெதுவெதுப்பும் இருக்கும்போது கோடு நின்றுவிட்டால் வேரில் தொல்லை என்று பொருள். இலை மஞ்சளாவதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும்.

அக்டோபர் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. இரண்டாம் இரவு டார்ச்சோடு போய் நின்றேன். மேல்வாய்க்கால் கலங்கலாக, கணுக்கால் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய வருடம் அந்தத் தண்ணீர் முழுவதும் குழிகளுக்குப் போயிருக்கிறது என்பதை அங்கே நின்றுதான் உணர்ந்தேன். திட்டைச் சுற்றிக் குளம் போல நின்றது. திட்டின் உச்சியில் விரலை விட்டுப் பார்த்தேன்: ஈரம் உண்டு, சேறு இல்லை. மழை விட்டபின் அளந்தபோது திட்டு மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. தென்மூலையில் கரை கொஞ்சம் அரித்திருந்தது. அங்கே ஓடையோரப் புல்லை வேரோடு பெயர்த்து வைத்துக் கட்டினேன்.

எதிர்பாராத சேதம் காட்டுமாட்டால் வந்தது. நவம்பரில் ஓர் இரவு ஒற்றைக் காட்டுமாடு திட்டின் மேலேறி நடந்திருந்தது. கன்றைத் தொடவில்லை. ஆனால் ஈர மண்ணில் அரையடி ஆழத்துக்குக் குளம்புத் தடங்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர். இத்தனை எடையில் இறுகிய மண் தானாகப் பொலபொலக்காது. பதம் வரும்வரை பத்து நாள் காத்திருந்து, தடங்களைக் கைக்கொத்தால் கிளறி மேட்டு மண் நிரப்பினேன். அடுத்த வாரமே திட்டைச் சுற்றி மூங்கில் நட்டுக் கம்பி இழுத்தோம்.

பனிக்கும் ஒரு வேலை செய்தோம். குளிர்காற்று தண்ணீர் மாதிரி. இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். எங்கள் கீழ்மட்டத்தின் எல்லையில் அடர்ந்த புதர்வேலி அதற்கு அணை போல நின்றது. ஓடைப்பக்கம் நான்கடிக்கு வெட்டித் திறந்துவிட்டோம். டிசம்பரில் பைன் மூடாக்கையும் வாரி ஒதுக்கினேன். பகல் வெயிலில் சூடேறிய ஈர மண் இரவில் அந்தச் சூட்டைக் கன்றுக்குக் கொடுக்க வேண்டும்; மூடாக்கு அதைத் தடுக்கும்.

2024 ஜனவரியில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்த விடியல்கள் வந்தன. வெப்பமானி ஒரு நாள் பூச்சியத்துக்குக் கீழே ஒன்றைக் காட்டியது. விசிறிகளின் மடிப்புகளில் பனி வரிவரியாகப் படிந்திருந்தது. எட்டு மணிக்கு வெயில் பட்டதும் உருகிச் சொட்டியது. இலை பச்சையாகவே நின்றது. குருத்தை இழுத்தேன், அசையவில்லை.

திட்டுக்கு ஒரு குறை உண்டு: பிப்ரவரியிலிருந்து சீக்கிரம் காய்கிறது. அப்போது மூடாக்கைத் திரும்பப் போட்டு, வாரம் ஒருமுறை மரத்துக்கு இரண்டு குடம் ஊற்றுகிறேன். மண்ணை உயர்த்தவே முடியாத இடமென்றால் விசிறிப்பனையை வைக்க வேண்டாம். அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்பு ஓரங்களில் வளரும் சபால் மைனர் என்ற குட்டைப் பனை ஈரத்தையும் குளிரையும் சேர்த்துத் தாங்கும். நம் பழனி மலைச் சரிவுகளின் சிற்றீச்சை, துடைப்பத்துக்கு அறுப்பார்களே, அது புல்சரிவிலும் பாறை இடுக்கிலும்தான் நிற்கும். தேங்கும் இடத்துக்கு அதுவும் ஆகாது.

மே மாதம் அம்மா உடன்குடியிலிருந்து வந்திருந்தார். தப்பிய கன்றின் தண்டில் சுற்றியிருந்த நாரை விரலால் வருடிப் பார்த்து, “பன்னாடை போலவே இருக்கிறதே” என்றார். மூன்றில் அதுதான் இன்னும் குள்ளம். மற்ற இரண்டும் இடுப்பளவு வந்துவிட்டன. தென்மூலைக் கரைக்கு இன்னும் பத்துச் சட்டி மண் போட வேண்டியிருக்கிறது. வாய்க்காலைப் புரட்டாசிக்குள் வாரிவிட வேண்டும்.